திசைகாட்டி வட்டம்

"கீழ்க்கம்பிய மிதிங்க டெஸ்மண்ட். மிதிக்கச் சொன்னா தடவிக்கிட்டு இருக்கீங்க."

"முழங்கால் மடங்க மாட்டேங்குது, பொண்ணே. நீ கொஞ்சம் வயித்த எக்கு."

"வயிறு எங்க மாட்டுச்சு? சட்டைதான் மாட்டியிருக்கு."

இரண்டு முள்கம்பிகளுக்கு நடுவே தெல்மா குனிந்து நின்றாள். ஒரு கால் இந்தப் பக்கம், ஒரு கால் அந்தப் பக்கம். மேல்கம்பியை டெஸ்மண்ட் கைத்தடியால் தூக்கிப் பிடித்திருந்தார். உள்ளே மேய்ந்துகொண்டிருந்த இளங்காளைகள் மேய்ச்சலை விட்டுவிட்டு ஒவ்வொன்றாக வந்து அரைவட்டம் கட்டி நின்றன. மொத்தம் பதின்மூன்று. எல்லாம் ஒரே முகத்தோடு பார்த்தன.

"என்ன இப்படிப் பாக்குதுங்க?"

"புத்தகம் ஏதாவது கொண்டாந்திருக்கியான்னு பாக்குதுங்க. லைப்ரரி வண்டிக்காரின்னு தெரிஞ்சிருக்கும்."

சட்டை கிழிந்தது. தெல்மா அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தாள்.

அது 1995 ஆகஸ்ட். வில்ட்ஷயரில் ஐந்து வாரமாக ஒரு சொட்டு மழை இல்லை. சுண்ணாம்புக் குன்றுகளில் புல் முதலில் மஞ்சளாகி, பிறகு வைக்கோலாகி, இப்போது நிறம் என்று சொல்ல ஒன்றுமில்லாமல் கிடந்தது. தூரத்தில் வெயில் அலையடித்தது. எதிர்க் குன்று தரையோடு ஒட்டாமல் ஓரடி மேலே மிதந்தது. காக்கைகள் வாயைத் திறந்தபடி வேலிக்கட்டைகளில் உட்கார்ந்திருந்தன. கத்துவதற்கு அவற்றுக்கு மனமில்லை.

தெல்மாவுக்கு ஐம்பத்தேழு வயது. மார்பர்ன் வட்டார நூலகத்தின் நடமாடும் வண்டியைப் பதினெட்டு வருடமாக ஓட்டுகிறாள். புருஷன் போய்ச் சேர்ந்து ஒன்பது வருடம். டெஸ்மண்ட் பைக் நகரசபையில் வரிப்பிரிவு எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர், எழுபத்தொன்று. புதன்கிழமை மதியத்தோடு ஊரில் கடைகள் மூடிவிடும், நூலகமும் மூடிவிடும். அந்த அரைநாட்களில்தான் ஆறு வருடமாக இருவரும் அலைகிறார்கள். போர்க்காலத்தில் தங்கள் ஊரைச் சுற்றிப் போர் விமானங்கள் எங்கெங்கே செய்யப்பட்டன, செய்தவை எந்தெந்த நிலத்திலிருந்து முதன்முதலாகப் பறந்து பார்த்தன என்று ஒரு பட்டியல் போடுவதுதான் வேலை. இதற்காக யாரும் அவர்களைக் கேட்டுக்கொள்ளவில்லை.

1940-ல் சௌதாம்ப்டன் தொழிற்சாலைமேல் குண்டு விழுந்தபோது ஸ்பிட்ஃபயர் செய்யும் வேலையைத் துண்டு துண்டாக்கிச் சுற்றுப்பட்ட ஊர்களுக்கு அனுப்பினார்கள். மார்பர்னில் பஸ் டெப்போவில் இறக்கை செய்தார்கள். பியானோ கடையில் வால். துணிவெளுக்கும் கூடத்தில் பெட்ரோல் குழாய். அங்கே வேலை செய்த பெண்கள் வீட்டில் கேட்டால் "வெளுக்கப் போறேன்" என்பார்கள். பொய்யில்லை, கூடத்தின் பெயர்ப்பலகையில் அப்படித்தான் இருந்தது. யாரிடமும் எதையும் சொல்வதில்லை என்று எல்லோரும் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். போர் முடிந்து ஐம்பது வருடம் ஆகியும் சிலர் வாயைத் திறக்கவில்லை. "கையெழுத்துப் போட்டிருக்கேனே" என்றாள் தொண்ணூறு வயதுக் கிழவி ஒருத்தி. அவளுக்கு டெஸ்மண்ட் மூன்று முறை கேக் வாங்கிப் போனார். கேக்கைத் தின்றாள்.

பறந்த இடங்கள் மூன்று கிடைத்துவிட்டன. நான்காவது கிடைக்கவில்லை. ஆனால் அது இருந்தது. இறக்கைப் பிரிவு மேஸ்திரி ஒருவரின் நோட்டுப்புத்தகம் அவர்களிடம் இருந்தது. அதில் 1942 இலையுதிர் காலத்திலிருந்து அடிக்கடி, "எ.வுக்கு இரண்டு", "எ.வுக்கு ஒன்று, மேற்குக் காற்று" என்று பென்சிலில் குறித்திருந்தது. டெஸ்மண்ட் எல்ம் குரோவ் என்றார். பிறகு எல்கோம் என்றார். இரண்டு இடத்திலும் நிலத்தை உழுதவர்களைக் கேட்டாகிவிட்டது. டிராக்டரைத் தவிர வேறெதுவும் அங்கே உறுமியதில்லை.

"எ.வுல திசைகாட்டி வட்டம் இருந்திருக்கணும்" என்பார் டெஸ்மண்ட். வேறு மூன்று இடத்திலும் அது இல்லை. விமானத்தின் திசைகாட்டி அதைச் சுற்றியிருக்கும் இரும்பால் குழம்பும். அதனால் ஒவ்வொரு விமானத்தையும் ஒரு வட்டத்தின் நடுவில் நிறுத்தி, வடக்கு, வடகிழக்கு, கிழக்கு என்று எட்டுத் திசைக்கும் தள்ளித் திருப்பி, ஒவ்வொரு திசையிலும் முள் எவ்வளவு பொய் சொல்கிறது என்று பார்த்து, சின்னச் சின்னக் காந்தங்களால் திருத்துவார்கள். பக்கத்தில் இரும்புக் கொட்டகை ஆகாது. தண்டவாளம் ஆகாது. எல்லாவற்றுக்கும் தள்ளி, நாதியற்ற இடமாக இருக்க வேண்டும். திருத்துகிறவன் உடம்பிலும் இரும்பு இருக்கக் கூடாது.

தெல்மாவின் அப்பா அந்த வேலைதான் செய்தார். வில்ஃப் ஸ்காமல், திசைகாட்டி. கம்பெனியின் சம்பளப் பட்டியலில் அப்படித்தான் போட்டிருந்தது. 1943 மார்ச்சுக்குப் பிறகு பட்டியலில் அந்தப் பெயர் இல்லை.

அப்பாவைப் பற்றி அவளிடம் இருந்தது ஒரே ஒரு ஞாபகம். அவர் கதவைத் தட்டுவார். வீட்டுச்சாவியைக்கூட வேலைக்கு எடுத்துப் போகாததால் திரும்பும்போது விரல்கணுவால் இரண்டு தட்டு. திறந்தால் கான்வாஸ் ஷூவில், இடுப்பில் பெல்ட்டுக்குப் பதில் கயிறு கட்டிக்கொண்டு நிற்பார். முகம் ஞாபகத்தில் இல்லை. கயிறு இருக்கிறது.

அவளுக்கு நாலரை வயதாகும்போது அம்மா ஐவி அவளைத் தூக்கிக்கொண்டு சுவிண்டனுக்குப் போய்விட்டாள். அடுத்த வருடம் ரயில்வேக்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டாள். நல்ல மனிதர். அந்த வீட்டில் முதல் புருஷன் பேச்சு எழவில்லை. ஒரே ஒரு நாள், உருளைக்கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்தவளிடம் தெல்மா கேட்டாள்.

"என் அப்பா எங்க?"

"எகிப்துல போயிட்டாரு" என்றாள் அம்மா. கத்தி நிற்கவில்லை.

அதோடு சரி. ஆனால் அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. பல வருடம் தெல்மா மணலைக் கனவு கண்டாள். மணல்மேட்டில் கான்வாஸ் ஷூ போட்ட ஒருவர் முதுகு காட்டி நடந்து போவார். காலடித் தடம் விழாது. எட்டடி நடப்பார், நிற்பார், கொஞ்சம் திரும்புவார், மறுபடி எட்டடி. ஏன் அப்படி நடக்கிறார் என்று கனவில் அவளுக்குத் தெரிந்திருக்கும். விழித்தால் தெரியாது. பள்ளிக்கூடத்தில் "என் குடும்பம்" என்று படம் வரையச் சொன்னபோது ஒட்டகமும் பிரமிடும் வரைந்து நடுவில் அப்பாவை நிறுத்தினாள். அம்மா அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு மடித்து அலமாரிக்குள் வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். 1961-ல் அவளும் போய்விட்டாள்.

பிறந்த ஊருக்குத் தெல்மா திரும்பி வந்தது கல்யாணத்தால். புருஷனுக்கு மார்பர்ன் பால்பண்ணையில் வேலை. போர்க் கல்லறைகளைக் கவனிக்கும் அலுவலகத்துக்கு மூன்று முறை எழுதினாள். எகிப்தில் அந்தப் பெயரில் யாரும் இல்லை என்று மூன்று முறையும் மரியாதையாகப் பதில் வந்தது. 1984-ல் எட்டு நாள் சுற்றுலாவில் எகிப்துக்கே போனாள். மற்றவர்கள் படகில் போன அன்று இவள் டாக்சி பிடித்து, போர்க் கல்லறைகள் இருக்கும் அலமெய்னுக்குப் போய், பாலைவனத்தில் வரிசை வரிசையாக நின்ற கற்களுக்கு நடுவே காலை முதல் மாலை வரை நடந்தாள். கடைசியில் பெயர் எழுதாத ஒரு கல்லின் முன்னால் பூவை வைத்துவிட்டு வந்தாள். ஆனால் மனம் ஒப்பவில்லை. எந்த இடம் என்று தெரிய வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது. எந்த இடம்.

அதற்காகத்தான் டெஸ்மண்டோடு சேர்ந்தாள். கம்பெனி அப்பாவை ஏன் எகிப்துக்கு அனுப்பியது என்பது எந்தத் தாளிலாவது இருக்கும். "பெட்டியில அடைச்ச விமானங்களோட ஆளையும் கப்பல்ல ஏத்தியிருப்பாங்க. கப்பல் முழுகியிருக்கும். கடல்ல போனவங்களுக்குக் கல்லு ஏது?" என்பார் டெஸ்மண்ட். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் அம்மா 'கடல்ல' என்று சொல்லவில்லை.

வட்டத்தை முதலில் பார்த்தவள் தெல்மாதான். போன வாரம் வண்டியில் போகும்போது. நூலக வண்டியின் இருக்கை வேலிகளுக்கு மேலே நிற்கும். காரில் போகிறவர்களுக்குத் தெரியாத நிலமெல்லாம் அவளுக்குத் தெரியும். பள்ளத்தாக்கின் எதிர்ப்பக்கம், குன்றின் தலையில், காய்ந்த புல்லுக்குள் இன்னும் காய்ந்ததாக ஒரு வளையம். ஈரக் கோப்பையை மேஜைமேல் வைத்து எடுத்த தடம் மாதிரி. பின்னால் வந்த டிராக்டர்காரன் ஹாரன் அடித்து அலுத்து இறங்கியே வந்துவிட்டான். தெல்மா வண்டியை எடுக்கவில்லை. அன்று சாயங்காலம் டெஸ்மண்டுக்குப் போன் செய்தாள்.

"வட்டமா, முட்டையா?"

"வட்டம்."

"எத்தன அடி இருக்கும்?"

"இறங்கிப் போயி அளந்தா பாத்தேன்? அரை மைலுக்கு அந்தாண்ட இருந்துச்சு."

"யார்கிட்டயும் சொல்லாத. புதன்கிழமை வரைக்கும் அது அங்கயே இருக்கணும்."

"ஐம்பது வருஷமா அங்கதான் இருக்கு. உங்களக் கேக்காம எங்க போகப் போகுது?"

இப்போது அதன் விளிம்பில் நின்றார்கள். கிட்டத்தில் வந்ததும் வட்டம் காணாமல் போயிற்று. தூரத்தில் அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது, காலடியில் வெறும் புல்லாக இருந்தது. டெஸ்மண்ட் குனிந்து குனிந்து தேடினார். தெல்மா கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்த்தாள். அப்போது தெரிந்தது. வெளிறிய புல்லுக்குள் ஒரு முழம் அகலத்துக்கு வெள்ளையாக ஒரு வளைவு போயிற்று. டெஸ்மண்ட் பையிலிருந்து ஒரு இரும்புக் கம்பியை எடுத்துப் புல்லில் குத்தினார். நான்கு விரல் ஆழத்தில் 'ணங்' என்றது.

"கான்கிரீட்" என்றார். "டேப்பப் பிடி. அந்தப் பக்கம் போ."

தெல்மா டேப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டு வட்டத்துக்குக் குறுக்கே நடந்தாள். காளைகள் ஒற்றை வரிசையில் பின்னால் வந்தன. ஓசையே இல்லை. வெயிலில் எல்லாமே ஏற்கெனவே ஒருமுறை நடந்து முடிந்ததுபோல் இருந்தது. இந்த இடத்தைத் தனக்குத் தெரியும் என்று தோன்றியது. அப்படித் தோன்றுவதை அவள் நம்புகிறவள் அல்ல. எட்டடி நடந்து தன்னையறியாமல் நின்றாள்.

அப்போதுதான் நிலத்தின் வேலிக்கதவுப் பக்கம் பழைய லேண்ட்ரோவர் ஒன்று வந்து நின்றது. முதலில் நாய் இறங்கியது. பிறகு ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு கனத்த பெண். அறுபத்து மூன்று அறுபத்து நாலு வயது இருக்கும். தோளில் துண்டு போல ஒரு சாக்கு.

"எகிப்துல என்ன பண்றீங்க ரெண்டு பேரும்?" என்று கத்தினாள்.

"ஆமாங்க" என்று டெஸ்மண்ட் தொப்பியைத் தூக்கினார். "எகிப்து மாதிரிதான் கொளுத்துது. மன்னிக்கணும், அனுமதி கேக்க வீட்டுக்கு வந்தோம், யாரும் இல்ல..."

"வெயில யாரு சொன்னா? நெலத்தச் சொல்றேன். எகிப்துல உங்களுக்கு என்ன வேலைன்னு கேட்டேன்."

டேப் தெல்மாவின் கையிலிருந்து நழுவி, சுருட்டிக்கொண்டு டெஸ்மண்டிடம் ஓடிப் போயிற்று.

"இந்த நெலத்துக்கு... அதுவா பேரு?" என்றார் டெஸ்மண்ட்.

"எங்க தாத்தாவுக்குத் தாத்தா காலத்துலேர்ந்து. வீட்டுலேர்ந்து நடந்தே உசுரு போற தூரத்துல இருக்குற நெலத்துக்கெல்லாம் அப்படித்தான் வைப்பாங்க. வேலிக்கு அந்தாண்ட இருக்குறது அமெரிக்கா. என் மாடுங்க வாரத்துல ரெண்டு தடவ அமெரிக்கா போயிட்டு வருது. விசாவும் கிடையாது ஒரு இழவும் கிடையாது." அவள் நாயை அதட்டினாள். "ஆத்தோரம் முக்கா ஏக்கர் இருக்கு, அதுக்குப் பேரு நூறேக்கர். மேப்புல பாத்தீங்களாக்கும்? மேப்புல இருக்காது. எங்க வாயிலதான் இருக்கும்."

டெஸ்மண்ட் பையிலிருந்து மேஸ்திரியின் நோட்டை எடுத்தார். அவசரத்தில் கீழே விழுந்தது. எடுத்தார். "எ" என்றார். "எ.வுக்கு இரண்டு! தெல்மா! எ!" குழந்தை மாதிரி நோட்டை ஆட்டினார். "எல்கோம் எல்கோம்னு எட்டு மாசம் அலைஞ்சேனே, முட்டாப்பய நான்!"

பிறகுதான் திரும்பிப் பார்த்தார். தெல்மா புல்லில் உட்கார்ந்திருந்தாள். கால்களை நீட்டி, இரண்டு கையையும் தரையில் ஊன்றி, கடற்கரைக்கு வந்தவள்போல. ஒரு காளை அவள் தோள்பட்டையை முகர்ந்தது.

"வெயில் தாங்கல போல. ஏம்மா, கண்ணு, எழுந்திரி. நான் ஜோன் ஃபெல்தம். வீட்டுக்கு வா, ஏதாவது குடிச்சிட்டுப் பேசலாம்."

டெஸ்மண்ட் நோட்டை மெல்ல மூடினார். அவருக்கு இப்போதுதான் உறைத்தது.

ஜோனின் சமையலறைத் தரை கல் பாவியது. உள்ளே குளிர்ந்து இருட்டாக இருந்தது. வெளிவெயிலிலிருந்து வந்த கண்ணுக்கு முதலில் எதுவும் தெரியவில்லை. ஜோனின் குரல் மட்டும் அங்கும் இங்கும் போய்வந்தது. டீ வந்தது. பன்றிக்கொழுப்பும் திராட்சையும் போட்டுச் சுட்ட இனிப்பு ரொட்டி வந்தது. நாய் மேஜைக்கடியில் படுத்துப் பெருமூச்சு விட்டது. டெஸ்மண்ட் தொண்டையைச் செருமிக்கொண்டு, போர்க்காலத்தில் இங்கே விமானம் வந்ததா என்று தொடங்கினார்.

"வந்துச்சான்னா? எனக்கு அப்போ பத்து பதினோரு வயசு. எங்க அப்பாவக் கூப்பிட்டு, எகிப்து எங்களுக்கு வேணும், வாயத் திறக்காதேன்னு சொல்லிட்டாங்க. வாடகை கொடுத்தாங்க. அவரு வாயத் திறக்கல. சாகுறப்பகூட. வட்டமா சிமென்ட்டு போட்டாங்க. கீழ நெலமெல்லாம் மழைக்குச் சேறாகிப் போச்சுன்னா இங்கருந்தே பறந்துரும். எங்க கோழிங்க முட்டை போடுறத நிறுத்திருச்சு."

"இங்க யாராவது செத்தாங்களா?" என்று கேட்டாள் தெல்மா.

கேள்வி அவ்வளவு நேராக வந்ததில் ஜோன் நின்றாள். டீப்பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"ஒருத்தரு. மார்ச் மாசம். கான்வாஸ் ஷூ போட்டுட்டு வருவாரு, நல்ல மனுஷன். எங்க அப்பா ஆணி உள்ள பூட்ஸோட பக்கத்துல போனா, தள்ளிப் போங்க, உங்க கால் பக்கம் பாத்து முள்ளு திரும்புதும்பாரு. அன்னிக்குக் காத்துன்னா காத்து. இஞ்சின் ஓடுது, வால்மேல ரெண்டு ஆளு படுத்து அழுத்திக்கிட்டு இருக்காங்க, அப்படியும் வால் தூக்கிருச்சு. மூக்கு கீழ வந்துருச்சு, சுத்துற காத்தாடிக்கு முன்னாடி இவரு நின்னாரு." அவள் பாத்திரத்தை ஓரமாகத் தள்ளினாள். "அவ்வளவுதான். அதுக்கு மேல எங்க அப்பா எங்களுக்குச் சொல்லல. ரெண்டு வண்டி வைக்கோல் கொண்டு போயி அங்க போட்டாரு. ஏன் போட்டாருன்னு அப்புறம் வளந்தப்புறம்தான் புரிஞ்சுது."

தெல்மா ரொட்டித் துண்டைத் தட்டில் நேராக வைத்தாள். பிறகு கொஞ்சம் திருப்பி வைத்தாள்.

"அவரு பொண்டாட்டி எங்க ஊருப் பொண்ணுதான். எங்க பண்ணை வண்டிக்காரரு மக. சின்னதுல அறுப்பு நாள்ல அவ அப்பாவுக்கு எகிப்துக்கு டீ தூக்கிட்டுப் போவாளாம். ஐவின்னு பேரு. மறுநாள் வந்தா. எங்கன்னு காட்டுங்கன்னு எங்க அப்பாகிட்ட கேட்டா. அவரு கூட்டிட்டுப் போனாரு. குழந்தைய எங்கிட்ட விட்டுட்டுப் போனாங்க." ஜோன் சிரித்தாள். "அடேயப்பா, என்ன குழந்த அது! நானும் வருவேன், நானும் வருவேன்னு ஒரே ஆட்டம். புடிச்சா நிக்கல. இதோ, இந்த இடத்துல கடிச்சு வச்சா பாருங்க. ரத்தம்! எங்கம்மா அயோடின் போட்டாங்க. வெறிநாய் கடிச்சாக்கூட அப்படி எரியாது."

அவள் வலது கையின் கட்டைவிரலுக்குக் கீழே காட்டினாள். அங்கே ஒன்றும் இல்லை. ஐம்பத்திரண்டு வருட வேலை எல்லாத் தழும்பையும் ஒன்றாக்கியிருந்தது.

"கடிச்சதுக்கு மன்னிச்சுக்கங்க" என்றாள் தெல்மா.

டெஸ்மண்ட் பென்சிலைக் கீழே வைத்தார். ஆறு வருடத்தில் அவர் ஒரு சாட்சியின் பேச்சை எழுதாமல் விட்டது அன்றுதான்.

ஜோன் அவளைப் பார்த்தாள். முகத்தை அல்ல, பற்களைப் பார்ப்பதுபோல் இருந்தது.

"நீயா அது?"

"எனக்கு ஞாபகம் இல்ல."

"எனக்கு இருக்கு" என்றாள் ஜோன். பிறகு எழுந்து, கெட்டிலில் தண்ணீர் நிறைய இருக்கும்போதே இன்னும் தண்ணீர் பிடித்தாள். முதுகைக் காட்டியபடி சொன்னாள்: "எங்க ஊரு கூம் ஹாலோ சர்ச்சுலதான் வச்சிருக்காங்க. ஐவியோட அப்பா பக்கத்துல. மரச் சிலுவதான் நட்டாங்க அப்போ. அது மக்கிப் போயிருக்கும். பாதிரியார்கிட்ட புதைச்சவங்க பேரு எழுதின புத்தகம் இருக்கும். கேளு."

அம்மா பொய் சொல்லவில்லை. தெல்மா அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். கத்தியை நிறுத்தாமல், இருக்கிற இடத்தின் பெயரை இருந்தபடியே சொன்னாள். கூம் ஹாலோவில் பிறந்த ஒருத்திக்கு எகிப்து என்றால் ஒரே ஒரு எகிப்துதான். டீப்பாத்திரம் கனக்கும் அளவுக்குத் தூரமான ஒரு மேட்டுநிலம். பிறகு ஒருநாள் மகள் ஒட்டகம் வரைந்துகொண்டு வந்தபோது அவளுக்குப் புரிந்திருக்கும். திருத்தியிருக்கலாம். கையெழுத்துப் போட்ட காகிதம் நினைவுக்கு வந்ததோ, வைக்கோல் நினைவுக்கு வந்ததோ. அந்த நிலத்தைவிடப் பிரமிடு பக்கத்தில் நிற்பது அவருக்கு நல்லது என்றுகூடத் தோன்றியிருக்கலாம். மடித்து வைத்துவிட்டாள்.

அலமெய்னில் பூ வைத்த கல்லையும் தெல்மா நினைத்தாள். அவன் யார் மகனோ. யாரோ ஒருத்தி தவறிப்போய் வந்து வைத்த பூ. அவனுக்கு அது போதும். அதைத் திரும்பக் கேட்க வேண்டியதில்லை.

வெயில் தாழ்ந்த பிறகு ஜோனிடம் சொல்லிவிட்டு மறுபடி மேட்டுக்குப் போனார்கள். இந்தமுறை கதவு வழியாக. சாய்ந்த வெளிச்சத்தில் வட்டம் தானாகவே தெரிந்தது. தேடவே வேண்டாம். டெஸ்மண்ட் கதவருகே நின்றுகொண்டார். போட்டோ எடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே எடுக்காமல் நின்றார்.

தெல்மா பையிலிருந்த கார்ச்சாவியை எடுத்தாள். பேனாக்கத்தியை எடுத்தாள். தலையில் செருகியிருந்த இரண்டு கொண்டை ஊசிகளையும் எடுத்தாள். எல்லாவற்றையும் வேலியோரம் புல்லில் வைத்துவிட்டு உள்ளே போனாள். வட்டத்தின் நடுவில் போய் நின்றாள். வடக்கே மார்பர்ன் கோபுரம். வடகிழக்கே ஒன்றுமில்லை, வானம். கிழக்கே அமெரிக்கா. ஒவ்வொரு திசைக்கும் கொஞ்சம் நின்று, கொஞ்சம் திரும்பினாள். எட்டுத் திசையும் ஆகும்வரை. புல் வெள்ளையாகக் கிடந்தது. தூரத்தில் குன்றுகள் மெல்ல அலைந்துகொண்டிருந்தன. கனவில் முதுகு காட்டி நடந்தவர் எட்டடிக்கு ஒருமுறை எதற்கு நின்றார் என்பது விழித்திருக்கும்போதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. காளைகள் வட்டத்துக்கு வெளியே நின்றன. காற்று இல்லை.

அவள் அழவில்லை. டெஸ்மண்ட்தான் மூக்கைச் சிந்தினார்.

"வா, போகலாம். சாவி எங்க வச்ச?"

"அங்கதான். அந்தக் கட்டைக்குப் பக்கத்துல."

"எந்தக் கட்ட? இருபது கட்ட இருக்கு."

"இங்கதான் வச்சேன்."

"ஒரு மாடு அங்க படுத்துருக்கு, தெல்மா."

மாட்டை எழுப்பச் சிறிது நேரமாயிற்று. சாவி அதற்கடியில் இல்லை. இருவரும் மண்டியிட்டு, ஒருவரையொருவர் திட்டிக்கொண்டு, அரைமணி நேரம் வேலியோரம் தடவினார்கள். கடைசியில் அகப்பட்டது. ஒரு கொண்டை ஊசி மட்டும் கிடைக்கவில்லை.

மறுநாள் வியாழக்கிழமை. அந்த வாரம் கூம் ஹாலோ பக்கம் போகும் முறை இல்லை, தெற்குச் சுற்று. தெல்மா எட்டே முக்காலுக்கு வண்டியை எடுத்தாள். ஏழு இடங்களில் நிறுத்தினாள். மொத்தம் நூற்றுப் பதினான்கு புத்தகங்கள் போயின. ஒருவர் ரோஜா வளர்ப்புப் புத்தகத்தை மார்மலேட் ஒட்டியபடி திருப்பிக் கொடுத்து, வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது என்றார். இரண்டு மணிக்கு மழை பிடித்தது. வண்டியின் இடதுபக்கத் துடைப்பான் வேலை செய்யவில்லை. மூன்று மைல் மெதுவாக வந்தாள். டெஸ்மண்ட் மதியம் நூலகத்துக்குப் போன் செய்து, நான்காவது தளம் பற்றி ஒன்றரைப் பக்கம் தட்டச்சு செய்துவிட்டதாகவும், காலையில் போய் அளந்ததில் வட்டம் ஐம்பத்து நாலு அடி என்றும், இறந்தவரின் பெயரைப் போடலாமா என்றும் கேட்டிருந்தார். போடலாம் என்று சாயங்காலம் அவருக்குச் சொன்னாள். போர்க் கல்லறை அலுவலகத்துக்கு, இனித் தேட வேண்டாம் என்று ஒரு அட்டை எழுதித் தபாலில் போட்டாள். முட்டையும் உருளைக்கிழங்கு வறுவலும் செய்து சாப்பிட்டாள். ஏழு மணிக்குக் கூம் ஹாலோ பாதிரியார் வீட்டுக்குப் போன் செய்தாள். யாரும் எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை மறுபடி செய்ய வேண்டும் என்று நாட்காட்டியில் குறித்துக்கொண்டாள்.